வெள்ளிக்கிழமையும் அதுவுமாக

1

இங்கே எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது நான்தான். என் மனைவி தனம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரும்பாலும் அவளுக்கு டியூட்டி இருக்கும். ஆகவே மூன்று மணிக்கே நான் குளித்து, கூடத்தைத் துடைத்து, அலமாரியில் இருக்கிற படவேட்டு அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கை வைப்பேன். நல்லெண்ணெய் கிடைக்காத வாரத்தில் கடையில் கிடைக்கிற ஏதோ ஓர் எண்ணெய். அம்மன் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் தனத்துக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நான் வந்தேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்த சித்தப்பா, "பொண்டாட்டி பின்னாடி சீமைக்குப் போற மொத ஆளு நீதான்டா. போய் சோறாக்கக் கத்துக்கோ" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கற்றுக்கொண்டேன், சித்தப்பா. ரசம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் இதுவரை எழுதியதெல்லாம் பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும்தான். இது வேறு. மூன்று வருடங்களுக்கு முன்னால், உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்து, போகாமல் உட்கார்ந்துகொண்டது. அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு டாக்டரைத் தேடிப் போனதையும், கிடைத்த பிறகும் வாய் திறக்காமல் இருந்ததையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் நடந்த சின்ன விஷயம் ஒன்றுதான் பேனாவை எடுக்க வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறி. வாரத்தில் மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள் நூலும் கஞ்சியும் கிடக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் விடிந்ததும் தறிக்குழி வரைக்கும் அம்மா கழுவித் தள்ளிவிடுவார். அன்றைக்கு அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி இல்லை' என்று சொல்லக்கூடாது, 'அரிசி வாங்கணும்' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை 'அணை' என்று சொல்லக்கூடாது. சாவுச் செய்தி வந்தால் வாசலோடு சரி, உள்ளே கொண்டுவரக்கூடாது. ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடு செத்துக் கிடந்தது. ஓடிவந்து அதைச் சொன்ன எனக்குத் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சுடா பேசற? ஆடு தூங்குதுன்னு சொல்லு."

"தூங்கலம்மா, ஈ மொய்க்குது."

"ஈ மொய்ச்சிகினு தூங்குது. போ."

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். பிறகு பொட்டலம் கட்டி வந்த காகிதங்களையும் டீக்கடைப் பேப்பரையும் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுதுகிறேன். ஆனால் பேச யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தெருவில் யார் என்ன சொன்னாலும் அது எனக்கு மறக்காது. களம்பூரிலிருந்து அரிசி கொண்டுவரும் லாரிக்காரர், "எப்டி கீறீங்க?" என்று கேட்டால், "ஓடிகினு கீது, ஆனா ஆரன் அடிக்கல" என்பார். அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் இந்த நாடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். கூடவே அந்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. சுங்கத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

3

இங்கே எனக்கு ஒரு கம்பள ஆலையில் வேலை கிடைத்தது. தறிச் சத்தம் பழகியவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. அந்த இரைச்சலில் வெள்ளைக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் இங்கிலீஷ் கற்றேன். காதால் கற்றதைவிடக் கண்ணால் கற்றது அதிகம். எட்டு வருடம் கழித்து ஆலையை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காலையில் தனம் வேலைக்குப் போவாள், மகள் வள்ளி பள்ளிக்கூடம் போவாள். வாரத்தில் ஒரு நாள் வேலையில்லாதோர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவேன். மற்ற நாளெல்லாம் வீட்டில் நான், கடிகாரம். வள்ளிக்குத் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் படியேறிக்கொண்டே. கொஞ்சம் கொஞ்சமாக நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

தனம்தான் கண்டுபிடித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சீருடையோடு கிளம்பி நின்றவள் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, வீட்ல ரேடியோ நின்னுபோயி மூணு மாசம் ஆவுது."

"அது நல்லாத்தான பாடுது?"

"நான் உங்களச் சொல்றேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டாள். "செத்துடலாம்னு தோணுதா உங்களுக்கு?"

வார்டில் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகியவள். நான் தலையாட்டினேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. எழுந்துபோய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து இன்றைக்கு வரமுடியாது என்றாள். வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கீறேன். ஆனா நான் ஒருத்தி பத்தமாட்டேன். இதுக்குன்னு படிச்சவங்க கீறாங்க. உக்காந்து கேப்பாங்க. தேடிப் புடிக்கலாம்."

4

தேடிப் பிடிப்பது என்றால் இங்கே முதலில் தெரு டாக்டரிடம், அதாவது அந்த வட்டாரத்துக்கென்று இருக்கிற டாக்டரிடம், போக வேண்டும். அவர் கடுதாசி எழுதினால்தான் அடுத்த கதவு. தெரு டாக்டர், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற பதில் 'ரொம்ப மோசமில்லை' என்பது. கால் உடைந்து கட்டிலில் கிடக்கிறவரும் அதைத்தான் சொல்வார். எனக்கு மிகவும் பிடித்த பதில் அது. நானும் அதையே சொன்னேன். மேசைக்கு அடியில் தனம் என் காலை மிதித்தாள்.

பிறகு ஒரு படிவம் வந்தது. தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றியதுண்டா. ஒவ்வொன்றுக்கும் கட்டம். குடியேற்ற அலுவலகத்துப் படிவங்களை நிரப்பி நிரப்பிப் பழகிய கை இது. காசநோய் உண்டா, இல்லை. வழக்கு உண்டா, இல்லை. நாடு கடத்தப்பட்டதுண்டா, இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டால்தான் உள்ளே விடுவார்கள். அதே கை இந்தப் படிவத்திலும் வரிசையாக எல்லாக் கட்டத்திலும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டுவிட்டது. தனம் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ நல்லா கீறவருக்கு எதுக்குங்க டாக்டரு? இதக் குடுத்தா அவங்க உங்கள வேலைக்கில்ல எடுத்துப்பாங்க!"

மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். அவள் இன்னொரு படிவம் வாங்கிவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை என் கையில் கொடுத்தாள்.

சில வாரம் காத்திருந்த பிறகு முதலில் மனநல டாக்டராக ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் பேசமாட்டார், நான் பேசட்டும் என்று காத்திருப்பார். ஒருவர் எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பது நம்ம ஊர்க்காரனால் ஆகிற காரியமா? ஜன்னலுக்கு வெளியே அவருடைய தோட்டம் தெரிந்தது. "அவரைக்குப் பந்தல் போட்டிருக்கிறீர்களே, நன்றாகக் காய்க்கிறதா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரமும் அவரையில் போயிற்று. அடுத்த முறை போனபோது ஒரு பை நிறைய அவரைக்காய் கொடுத்தார். அவரே யோசித்து, இவருக்கு இவருடைய பாஷையில் கேட்கிற ஆள் வேண்டும் என்று ஒரு கடுதாசி எழுதினார். நான் பார்த்த கடுதாசிகளிலேயே உபயோகமான கடுதாசி அதுதான்.

அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஐம்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. "வாங்கோ, இருங்கோ" என்று அவர் சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் இந்த நாட்டு ஆபீஸ் ஒன்றில் என்னைத் தமிழில் உட்காரச் சொன்னவர் அவர்தான்.

"என்னவும் கதைக்கலாம். அவசரமில்லை."

பேசினேன். சித்தப்பாவைப் பற்றி, லாரிக்காரரைப் பற்றி, வள்ளி தமிழை மறப்பது பற்றி, ஆலை மூடியது பற்றி. அவர் சிரித்தார், சில இடத்தில் குறித்துக்கொண்டார். "உயிரோட இருக்க விருப்பமில்லாத எண்ணம் வாறதோ?" என்று கேட்டார். நான் சட்டென்று, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்றேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர் நோட்டை மூடிவிட்டு, "நீங்கள் தேறி வாறீங்கள் எண்டு நினைக்கிறன். இன்னும் ஒருக்கா வாங்கோ. பிறகு தேவைப்படாது" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது அந்த எண்ணம் முன்னைவிடப் பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லக் கிடைத்த ஒரே கதவு, அடுத்த வாரம் மூடப்போகிறது. மூட வைத்தது நான்தான்.

5

வீட்டுக்கு வந்ததும் தனம் கேட்டாள். "சொன்னீங்களா?"

"இல்ல."

"மூணு வாரமா இன்னாதான் பேசினு கீறீங்க அங்க? தமிழ் டாக்டரு வேணும்னு கெடையா கெடந்து புடிச்சிருக்குது. ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா எப்டி தனம் சொல்றது?"

அவள் என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா வெளியிலிருந்து வருகிறவர்களைப் பார்ப்பது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். என் சீட்டில் மூன்று வெள்ளிக்கிழமையும் வரிசையாக எழுதியிருந்தது. அதுவரை எனக்கே அது முழுதாகப் புரியவில்லை. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும், வெள்ளிக்கிழமை என்று ஞாபகம் வரும், உள்ளே போய்விடும்.

"அடப்பாவி மனுசா" என்று தனம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். பிறகு அழுதாள். செவ்வாய்க்கிழமை அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

திங்கட்கிழமை காலையிலேயே போன் செய்தாள். பார்க்கிற கிழமையை மாற்ற வேண்டும் என்றால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டாம். போனை எடுத்த பெண் கேட்டது எனக்கும் கேட்டது.

"மத காரணமா?"

"ஆமாம்."

"எந்தப் பண்டிகை?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்."

அந்தப் பக்கம், கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் யாரையோ கேட்டாள். பிறகு டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மத்தியானம் டாக்டரம்மாவே பேசினார். தனம் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் "ஓம்… ஓம்…" என்று கேட்டார். கடைசியில், "என்ர அம்மா இருந்திருந்தா எனக்கு ஏசியிருப்பா, இது கூட விளங்கேல்லையோ எண்டு. புதன்கிழமை வரட்டும். என்ர சாப்பாட்டு நேரத்தில பாக்கிறன்" என்றார்.

புதன்கிழமை. அதே அறை. அவருடைய சாப்பாட்டு டப்பா மேசை ஓரத்தில் மூடியபடி இருந்தது.

"இண்டைக்குப் புதன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சொன்னேன். சாகணும்னு தோணுது டாக்டரம்மா, தினமும் தோணுது என்றேன். சொல்லி முடித்ததும் நான் நினைக்காத ஒன்று அதன் பின்னாலேயே வந்தது. என் அண்ணன் ஏகாம்பரம்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், நான்கு வயது மூத்தவன். எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. தறியில் உட்கார்ந்து, அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த அண்ணன் வந்து தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கஜா, எனக்கு இருக்கவே புடிக்கலடா."

நான் தலையைத் தூக்கவில்லை. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா பேசற பேச்சாண்ணா இது? போய் வாயக் கழுவிட்டு வா" என்றேன். வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிறதுதான். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவன் எழுந்து போனான். தொட்டியில் செம்பை முக்கித் தண்ணீர் மொண்டு, நிஜமாகவே வாயைக் கொப்பளித்துத் துப்பினான். திரும்பி வந்து, "கழுவிட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. பத்து நாளில் அவன் இல்லை. அவனாகவே போய்விட்டான். அதற்குமேல் அதை எழுதமாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் நான் இத்தனை வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவன் வாயை மூடிய நாள், என் வாயையும் மூடட்டும் என்று இருந்தேனோ என்னவோ. டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன்.

அதற்கு அவர், "அவர் வாய் கொப்பளிச்சிட்டு வந்து உங்களுக்குப் பக்கத்தில எவ்வளவு நேரம் இருந்தவர்?" என்று கேட்டார்.

யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. "மத்தியானம் வரைக்கும் இருந்தான். அறுந்த இழையெல்லாம் எடுத்து எடுத்துக் குடுத்தான்" என்றேன். சொல்லும்போதே உடைந்துவிட்டேன். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவரைக்காய்க்காரர் மாதிரிதான் அவரும் சும்மா இருந்தார். அன்றைக்கு அது எனக்குப் பாரமாக இல்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் என்னையே எழுதச் சொன்னார். அந்த எண்ணம் அதிகமானால் முதலில் யாரிடம் சொல்வது, அவர் இல்லாவிட்டால் யாரிடம், எங்கே வருவது. முதல் வரியில் 'தனம்' என்று எழுதினேன். "எந்தக் கிழமையானாலும் எண்டு பக்கத்தில போடுங்கோ" என்றார். போட்டேன்.

6

ஒரு வருடத்துக்கு மேல் புதன்கிழமைகளில் போய்வந்தேன். மாத்திரையும் கொஞ்ச நாள் சாப்பிட்டேன். அந்த எண்ணம் அடியோடு போய்விட்டதா என்று கேட்காதீர்கள். எப்போதாவது எட்டிப் பார்க்கும். பார்த்ததும், "தனம், வந்துகினு கீது" என்பேன். "வரட்டும், நானும் கீறேன், உக்காருங்க" என்பாள். இப்போது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் இரைச்சல்தான். நானும் பழையபடி ரேடியோதான்.

விளக்கை விடவில்லை. டாக்டரம்மாவும் விடச் சொல்லவில்லை.

இனி போன மாதத்து விஷயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வள்ளி நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். பதிமூன்று வயதாகிறது அவளுக்கு. தேவைப்பட்டால் மட்டும் தமிழ் வரும்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ஆனா பேட் திங். இன்னிக்கு ஃப்ரைடே."

சின்ன வயதில் வெள்ளிக்கிழமை அவள் வாயில் நான் எத்தனை முறை செல்லமாகத் தட்டியிருப்பேன். அத்தனையையும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

"ஃப்ரைடேதான். பரவால்ல. சொல்லும்மா."

அவளோடு படிக்கிற ஒரு பெண். லிண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். இங்கே எழுதட்டுமா என்று அவளையும் அவள் அம்மாவையும் கேட்டுக்கொண்டேன். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று அவள் வள்ளியிடம் சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறாள்.

எனக்குக் காதுக்குள் தறி ஓடியது. "நீ இன்னாம்மா சொன்ன அவகிட்ட?"

"என்ன சொல்றதுன்னு தெரில. எங்கப்பாக்கும் அப்படி இருந்திச்சு, எங்கப்பாகிட்ட சொல்லலாம், வான்னு சொன்னேன்."

நான் அவளிடம் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. படியேறிக்கொண்டே பதில் சொல்கிற பெண், படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"தப்பா அப்பா? ப்ராமிஸ் பண்ணிட்டு சொல்லிட்டேன்."

"தப்பே இல்ல கண்ணு. எங்க அவ?"

"கேட் கிட்ட நிக்கிறா. உள்ள வர மாட்டேங்குறா."

வாசலுக்கு ஓடினேன். மழையில் ஒரு பெண் பள்ளிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தது. "உள்ள வாம்மா, நனையிற பாரு" என்றேன். தமிழில் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தது. வந்தது.

வள்ளி டீ போட்டாள். அன்றைக்கே தனத்தை வார்டில் போனில் கூப்பிட்டதும், தனமும் லிண்டாவின் அம்மாவுமாக அவளை டாக்டரிடம் கூட்டிப்போனதும், இப்போது அவள் வாரம் தவறாமல் ஒருவரிடம் போய்ப் பேசிவருவதும் பிறகு நடந்தவை. அதற்கு முன்னால், கூடத்தில், நான் துடைத்து வைத்த தரையில் ஈரக்காலோடு வந்து அவள் உட்கார்ந்தாள். விளக்கைப் பார்த்துவிட்டு, ஏதாவது பூஜையா, நான் அப்புறம் வரட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். இல்லை, உனக்காக ஏற்றி வைத்ததுதான் என்றேன்.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெண் அதைச் சொன்னது. நான் தலையைத் தூக்கிக் கேட்டேன்.